ஓடையில் நிற்காத வண்டி

கோவிந்தம்மாள் வண்டிக்குக் கட்டை போடுகிறவள். சித்தேரிக்கு மேலே தார் ரோடு முடிந்ததும் மூங்கப்பாறைக்கு ஒரு மண் தடம் ஏறுகிறது. அவள் கணவன் மாதையன் ஓட்டுகிற ஃபோர் வீல் பிக்கப் வண்டி அந்த ஏற்றத்தில் எங்காவது திணறி நின்றால், பின்னால் உருளாதபடி சக்கரத்துக்குப் பின்னே கட்டையைச் செருக வேண்டும். மற்ற வண்டிகளில் இதற்குக் கூலி ஆள் உண்டு. மாதையன் வண்டியில் பெண்டாட்டி. கல்யாணமாகி வந்த மறுமாதமே அவளைப் பின்பக்கம் ஏற்றி, கையில் கட்டையைக் கொடுத்துவிட்டான்.

பார்ப்பதற்குச் சின்ன வேலைதான். "கட்டை!" என்று அவன் கத்தினால் குதித்து ஓட வேண்டும். குனிந்து, சக்கரத்தைத் தொட்டாற்போலக் கட்டையை வைக்க வேண்டும். வைத்ததும் பாடியில் உள்ளங்கையால் ரெண்டு தட்டு. அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அவன் பிரேக்கை விடுவான். ஆனால் லோடு ஏற்றிய வண்டி பிரேக் போட்டிருந்தாலும் ஏற்றத்தில் அப்படியே நிற்காது. நூல் நூலாகப் பின்னால் வரும். அந்த நகர்வைக் கண்ணால் பார்க்கிறவளுக்குக் கை மிஞ்சும்.

கார்த்திகை மாதம் சாயங்காலமானால் மலையில் மூடுபனி இறங்கிவிடும். வண்டிக்கு அடியில் எது கல், எது சக்கரம் என்று தெரியாது. போன கார்த்திகையில் அப்படித்தான் அவள் வலது கையில் ரெண்டு விரல் நசுங்கிப் போயின.

அன்று மாதையன் இறங்கி வந்து பார்த்தான்.

"ரெண்டுதான போச்சு? கட்டை புடிக்க மிச்சம் போதும். துணியச் சுத்திக்கினு ஏறு. கீழ இன்னொரு லோடு கெடக்குது."

அவள் துணியைச் சுற்றிக்கொண்டு ஏறினாள். அந்த லோடுக்கும் இடது கையால் கட்டை போட்டாள். மறுநாள் எல்லையம்மன் கோயிலுக்குப் போய், "முழுக் கையும் எடுக்காம வுட்டியே தாயே" என்று சூடம் ஏற்றிவிட்டு வந்தாள். அவள் மனசு அப்படி. தெய்வத்திடம் கணக்குக் கேட்கத் தெரியாதவள்.

புருஷனிடம் மட்டும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அடியில ஒரு லைட்டு போட்டுக் குடுங்க. சக்கரத்தப் பாத்துட்டுக் கைய வெச்சிக்கறேன்."

"டார்ச்ச வெச்சிக்க."

ஒரு கையில் கட்டை, இன்னொரு கையால் பாடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதனால் டார்ச்சைப் பல்லில் கவ்வினாள். மேலே உட்கார்ந்திருந்த ஜனங்களுக்கு அது வேடிக்கையாகிவிட்டது. "நாயி எலும்பக் கவ்விக்கினு ஓடுற மாதிரியே இருக்குது" என்று ஒருவன் சொல்ல, மூட்டைகளின் மேல் இருந்த பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள். அந்தப் பெண்களில் பாதிப் பேருக்குப் பிரசவ வலி வந்தபோது அவள்தான் கட்டை போட்டுக் கீழே கொண்டுபோய் இறக்கியிருக்கிறாள். அவள் டார்ச்சை வாயிலிருந்து எடுத்து எச்சிலைத் துடைத்துவிட்டு அவர்களோடு சேர்ந்து சிரித்தாள்.

மாதையனுக்கு லைட் ஆசை வந்தது வேறொரு வழியில். அதே தடத்தில் ஓடுகிற வீரமணி, தன் வண்டிக்கு அடியில் நீல விளக்குப் பட்டையைச் சுற்றி ஒட்டிக்கொண்டு வந்தான். வண்டி தரையில் படாமல் மிதப்பதுபோல இருந்தது. பிள்ளைகள் பின்னாலேயே ஓடின. ஆடித் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது.

"அவன் நீலம் போட்டா நான் செவப்பு போடுவேன்" என்றான் மாதையன். "வாடி, மொரப்பூரு போலாம். நீதான லைட்டு லைட்டுன்னு சாவுற."

மொரப்பூரில் காஜா பாய் கடையில்தான் அந்தப் பக்கத்து டிராக்டர், லாரிகளுக்கு வயரிங் வேலை நடக்கும். கடைக்குப் பின்னாலேயே வீடு. அவர் மனைவி ஷகிலா சாமான் எடுத்துக் கொடுப்பாள். அன்று கடையில் லைட்டுக்கும் பேட்டரிக்கும் வந்தவர்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள்.

காஜா மேசைமேல் மூன்று விதம் எடுத்து வைத்தார்.

"இது ஒட்டுற பட்டை. வீரமணி போட்டது இதான். மண் ரோட்டுல ஒரு மழை தாங்குனா பெரிய விசயம். இத நான் மலைக்குத் தர மாட்டேன், திட்டுவீங்க." பட்டையை ஓரமாகத் தள்ளினார். "இது அலுமினிய டப்பா. முன்னாடி கண்ணாடி, சுத்தி ரப்பரு. செவப்பும் எரியும், வெள்ளையும் எரியும், போன்லயே மாத்திக்கலாம். கல்லு பட்டாலும் தாங்கும். மூணாவது இது. தூக்கிப் பாருங்கம்மா."

கோவிந்தம்மாள் மூன்றாவதைக் கையில் எடுத்தாள். சின்னதாக இருந்தாலும் கல் மாதிரி கனத்தது.

"உள்ள வெத்து எடமே இல்ல. பூரா பசை ஊத்தி, கட்டியா எறுகிப் போனது. வெள்ளை மட்டும்தான். ஆனா இதக் கெணத்துல போட்டு மறுவருசம் எடுத்தாலும் எரியும்."

"இதுவே போடலாங்க" என்றாள் அவள், மெதுவாக.

"வெள்ளைய எவன் பாப்பான்?" என்றான் மாதையன். "பாய், இவளுக்கு லைட்டு எதுக்கு தெரியுமா? ஏ, கையக் காட்டுடி. காட்டுன்னா!"

அவள் தயங்கினாள். அவனே அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிக் காட்டினான்.

"பாத்தீங்களா, எட்டு வெரல் அம்மன். இன்னும் ரெண்டு போயிடுமோன்னு பயம். போனா என்னா, நகை வாங்குற செலவு மிச்சம். மோதரமே கேக்க மாட்டா."

நின்றிருந்தவர்களில் ரெண்டு பேர் சிரித்தார்கள். காஜா சிரிக்கவில்லை. கையிலிருந்த ஸ்குரு டிரைவரை மேசைமேல் வைத்தார்.

"மாதையண்ணே, ஒரே ஒரு சேதி சொல்லுங்க. தண்ணி தாண்டுவீங்களா?"

"ஓடை ஒண்ணு இருக்குது. தாண்டுவோம்."

"தாண்டுறது பரவால்ல. நடுத் தண்ணில வண்டி நிக்குமா?"

இந்த இடத்தில் எல்லை ஓடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூங்கப்பாறைக்குக் கீழே ஓடுகிற அந்த ஓடைக்கு அந்தப் பக்கம் அம்மன் எல்லை. மேலே யாரும் செருப்புப் போட மாட்டார்கள். மனுசர் காலைக் கழுவிக்கொண்டு ஏறுவார்கள். வண்டி வந்த பிறகு வண்டிக்கும் அதே முறைதான். எந்த வண்டியானாலும் நடு ஓடையில் நின்று, நாலு சக்கரத்தையும் மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கழுவிய பிறகே மேலே ஏறும். தினமும் உண்டு, ஒவ்வொரு நடைக்கும் உண்டு. கழுவுவதும் கோவிந்தம்மாள் வேலைதான். கீழ்நாட்டு ஆட்களிடம் இதை அவர்கள் சொல்வதில்லை. சொன்னால், "வண்டிக்குக் காலா இருக்குது?" என்று கேலி செய்வார்கள்.

மாதையன் மார்பை நிமிர்த்திக்கொண்டான்.

"நிக்கறதா? என்னாங்க பாய், என்னா நெனச்சீங்க நம்மள? ஒரே மூச்சுல ஏத்திடுவேன். தண்ணில வண்டிய நிறுத்துறவன் டிரைவரா?"

"அப்படின்னா இந்த டப்பாவே போதும்" என்றார் காஜா. "நிக்கும்னா மட்டும் இதப் போடக் கூடாது. உள்ள காத்து இருக்குது பாருங்க. எரிஞ்சி எரிஞ்சி சூடாகி இருக்கும். அத அப்படியே பச்சத் தண்ணில முக்கி நிறுத்துனா, குளுந்த வேகத்துல வயரு நொழையுற ஓட்டை வழியா தண்ணிய உள்ள இழுத்துக்கும். அப்புறம் என்னைக்கு அணையும்னு சொல்ல முடியாது."

கோவிந்தம்மாள் வாயைத் திறந்தாள். மாதையன் திரும்பி ஒரு பார்வை பார்த்தான். அவள் மூடிக்கொண்டாள்.

ஷகிலாவுக்கு ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். டீ கொடுக்கிற சாக்கில் அவளைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனாள்.

"அக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. நெசமாவே நிக்காதா? நீங்கதான அடியில கைய வெக்கறீங்க. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, நான் அவர்கிட்ட சொல்லி மாத்தித் தர்றேன்."

கேட்டவளுக்கு உண்மையான அக்கறை. அந்த அம்மாளும் தொழுகிற ஜென்மம், முகத்தில் கள்ளமில்லை. "நிக்கும்" என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. ஆனால் கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது புருஷனைப் பொய்யன் ஆக்கினால் மலை ஏறும் வரை என்ன நடக்கும் என்று கோவிந்தம்மாளுக்குத் தெரியும். அம்மன் சங்கதியை வெளியில் சொன்ன பழியும் சேரும். டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அவரு சொன்னா சரியா இருக்குங்க."

ஷகிலா டம்ளரை எடுத்துக்கொண்டு கடைப் பக்கம் போனாள்.

அலுமினிய டப்பா லைட்டுகளையே காஜா மாட்டிக் கொடுத்தார். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. கல் தெறிக்காத உயரத்தில், வண்டியின் அடிச்சட்டத்துக்கு உள்பக்கமாகச் சக்கரத்தைப் பார்த்தபடி முடுக்கினார். வயரை எல்லாம் குழாயில் நுழைத்துக் கட்டினார். போகும்போது, "ஏத்தத்துல வெள்ளையப் போடுங்கண்ணே, செவப்புல கல்லு தெரியாது" என்று சொல்லி அனுப்பினார்.

மலை ஏறும் வழியில் கோவிந்தம்மாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சொன்னாள்.

"ஏங்க, ஓடைக்கு முன்னாடியே லைட்ட அணைச்சிடலாங்க. கொஞ்ச நேரம் ஆற வுட்டுட்டு எறக்கலாம். அம்மனுக்கும் குறை இல்ல, லைட்டுக்கும் குறை இல்ல."

"ஓடையில எரியத்தாண்டி லைட்டே போட்டது."

மறுநாள் அவள் பூசாரி ராஜப்பனிடம் போனாள். லைட் கெட்டுவிடும், வண்டியைக் கரையிலேயே நிறுத்தி, சக்கரத்தைக் குடத்துத் தண்ணீரால் கழுவ உத்தரவு கொடுங்கள் என்று கேட்டாள். ராஜப்பன் வெற்றிலையைத் துப்பிவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"உன் வெரலுக்குப் பயந்துகினு அம்மன் ஓடைய வுட்டுக் கரைக்கு ஏறி வரணுமா? போன வருசம் ரெண்டு வெரல் ஏன் போச்சுன்னு யோசிச்சியா? இந்த மாதிரி புத்தி இருந்துதான் போச்சு."

அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பினாள். அம்மன் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள் என்று நினைக்கக்கூட அவளுக்குப் பயமாக இருந்தது.

திருவிழா அன்று பொழுது சாயும் நேரத்தில் மாதையன் வண்டியை ஓடையில் இறக்கினான். சிவப்பு லைட் வழி முழுக்க எரிந்துகொண்டே வந்திருந்தது. தண்ணீருக்குள் அது பரவியதும் ஓடையே குங்குமம் கரைத்தாற்போல ஆகிவிட்டது. ஜனங்கள் குலவை போட்டார்கள். போனில் படம் எடுக்க வரிசை கட்டினார்கள். சக்கரம் கழுவி முடித்த பிறகும் மாதையன் வண்டியை எடுக்கவில்லை. வீரமணி கரையில் நின்று பார்க்கிறான் அல்லவா.

முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்ற கோவிந்தம்மாள் கதவைத் தட்டினாள்.

"போதுங்க, அணைங்க. இல்ல மேல ஏத்துங்க."

"உங்கப்பன் வூட்டுக் கரண்டாடி?"

கரையில் நின்ற கூட்டம் கொல்லென்று சிரித்தது. "அம்மா வூட்டு சீதனம்போல, பாவம்" என்று யாரோ எடுத்துக்கொடுத்தார்கள். அவள் தண்ணீரிலேயே நின்றாள். சிவப்பு வெளிச்சம் அவள் சேலையில் ஏறி இறங்கியது.

அன்று முதல் அதுவே வழக்கமாகிவிட்டது. சாயங்கால நடையில் ஓடை வந்தால் சிவப்பு. ஆவணியில் ஒரு நாள் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தபோது, கண்ணாடிக்கு உள்ளே முத்து முத்தாக நீர் கோத்திருந்தது.

"உள்ள தண்ணி போயிடுச்சுங்க. பாய்கிட்ட எடுத்துப் போலாம்."

"உன் மூஞ்சியத் தெனம் கிட்டத்துல பாக்குதுல்ல, அதுக்கே வேர்த்துப் போச்சு."

அடுத்த சந்தைக்குப் போகலாம் என்றான். அந்தச் சந்தைக்குப் புளி லோடு வந்தது. அதற்கு அடுத்த சந்தைக்குக் கல்யாண நடை. புரட்டாசியில் ஒரு லைட் மங்கியது. அவளே ஸ்பேனரை எடுத்துக் கழற்றி, வெயிலில் காய வைத்தாள். ரப்பரைத் துடைத்து மாட்டினாள். ரெண்டு நாள் நன்றாக எரிந்தது. மூன்றாம் நாள் வண்டி ஓடையில் நின்று ஏறியதும் மறுபடி உள்ளே நீர் கோத்தது.

ஐப்பசியில் மழை பிடித்தது. ரேஷன் அரிசி மூட்டைகளையும் அதன்மேல் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு பொழுது இறங்கும்போது வண்டி புறப்பட்டது. ஓடையில் தண்ணீர் கலங்கலாக, கரைப் பாறையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. வண்டி நின்றது. அவள் சக்கரம் கழுவினாள். ஏறினார்கள்.

ஓடைக்கு மேலே பாறை வளைவில் சேறு வழுக்கி வண்டி நின்றுவிட்டது.

"கட்டை!"

அவள் குதித்தாள். வெள்ளை லைட் எரிந்தது. குனியும்போது ஒரு தரம் மினுக்கியது. சக்கரம் தெரிந்தது, அதற்குப் பின்னால் கல் தெரிந்தது. கட்டையை நீட்டினாள். லைட் போய்விட்டது.

அப்போது கையை இழுத்துக்கொண்டிருக்கலாம். அவளுக்கு அது தோன்றாமல் இல்லை. மேலே ஆட்கள் இருந்தார்கள். பக்கத்து வீட்டுக் கலைமதி, கைக்குழந்தையோடு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். வளைவுக்கு வெளியே பள்ளம். கட்டை இல்லாமல் வண்டி உருண்டால் யாரும் மிஞ்ச மாட்டார்கள். இடது கையால் டயரைத் தடவி, வலது கையால் கட்டையை அழுத்தி வைத்தாள். சக்கரம் நூல் நூலாகப் பின்னால் வந்துகொண்டிருந்ததை அவள் பார்க்கவில்லை. வெளிச்சம் இருந்திருந்தால் பார்த்திருப்பாள்.

கட்டை நின்றது. வண்டியும் நின்றது. பாடியில் தட்டுகிற சத்தம் வரவில்லை.

"போட்டியா இல்லையாடி? தூங்கிட்டியா?" என்றான் மாதையன் உள்ளேயிருந்து.

அவள் கத்தினாள். அந்தக் கத்தலைக் கேட்டும், மேலேயிருந்து ஒரு குரல், "சீக்கிரம் எடுங்கப்பா, அரிசி நனையுது" என்றது. கலைமதி மட்டும் குழந்தையை இன்னொருத்தி மடியில் போட்டுவிட்டு இறங்கி ஓடி வந்தாள்.

அரூர் ஆஸ்பத்திரியில் நல்லவிதமாகத்தான் பார்த்தார்கள். ஆனால் மணிக்கட்டுக்குக் கீழே எதையும் காப்பாற்ற முடியவில்லை. பார்க்க வந்தவர்களிடம் மாதையன் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டே சொன்னான்.

"லைட்டு வேணும் லைட்டு வேணும்னு இவதான் கடைக்கு இழுத்துக்கினு போனா. லைட்ட நம்பிக் கைய வெச்சா. பழைய மாதிரி தடவிப் பாத்தே போட்டிருந்தா ஆயிருக்குமா? சொல்லுங்க."

வந்தவர்கள் தலையாட்டினார்கள். வீரமணிகூட ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்து கொடுத்துவிட்டு, "அண்ணன் சொல்றது நாயந்தானுங்க" என்றான். கோவிந்தம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அம்மனை நினைக்கப் பார்த்தாள். ஓடைத் தண்ணீரின் சிவப்புத்தான் நினைவுக்கு வந்தது.

வண்டி சும்மா நிற்க முடியாது. பொம்மிடிப் பக்கமிருந்து மாரியப்பன் என்கிற ஆளைக் கூலிக்குக் கூட்டி வந்தான் மாதையன். முப்பது வயசு, நல்ல திடகாத்திரம். முதல் நாள் அவன் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தான். நிமிர்ந்து கையைத் தட்டிக்கொண்டான்.

"அண்ணே, அடியில லைட்டு செத்துக் கெடக்குது. லைட்டு இல்லாம நான் கைய வெக்க மாட்டேன். வேற ஆளப் பாத்துக்கோங்க."

மாதையன் ஒரு சொல்கூட எதிர்த்துப் பேசவில்லை. அன்றைக்கே வண்டியைத் திருப்பி மொரப்பூருக்கு விட்டான். நடுத் தண்ணீரில் வண்டி நிற்குமா என்று காஜா மறுபடி கேட்டதற்கு மாரியப்பன் முந்திக்கொண்டு, "தெனம் நிக்குமாம் பாய், சக்கரம் கழுவுவாங்களாம்" என்று போட்டு உடைத்தான். அதற்கும் மாதையன் கோபப்படவில்லை. "கட்டியா இருக்குதே, அதையே போட்டுடுங்க பாய். வெள்ளையே இருக்கட்டும்" என்றான். இதெல்லாம் மாரியப்பனே ஊரில் பெருமையாகச் சொன்னதுதான். கேட்டுக்கொண்டு கோவிந்தம்மாள் வாசலில் ஒற்றைக் கையால் சாமை புடைக்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

கை ஆறிய பிறகு ஒரு நாள் அவள் அரூர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு, சாயங்கால நடையில் அதே வண்டியில் திரும்பினாள். ஓடை வந்ததும் பழக்கத்தில் இறங்கி, இடது கையால் மஞ்சள் தண்ணீரை அள்ளினாள். கரையிலிருந்து ராஜப்பன் சத்தம் போட்டார்.

"ஏம்மா, குறைப்பட்ட கை. அம்மன் எல்லையில ஏறுற சக்கரத்தத் தொடக் கூடாது. அந்தப் பக்கம் போ."

அவள் தண்ணீரைக் கீழே விட்டாள். மாரியப்பன் சக்கரம் கழுவினான். வண்டி அவளை ஏற்றிக்கொள்ளாமலே கரையேறியது. மழை தூறியது. அவள் ஈரக் காலோடு பின்னால் நடந்தாள்.

பாறை வளைவில் வண்டி திணறி நின்றது. "கட்டை!" என்று குரல் வந்தது. மாரியப்பன் குதித்துக் குனிந்தான். புது லைட் பகல் மாதிரி எரிந்தது. சேறு, கல், சக்கரத்தின் பல் எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. சக்கரம் ஒரு விரல் அளவு பின்னால் நகர்ந்தது. மாரியப்பன் அதைப் பார்த்துவிட்டான். கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டு சிரித்தான். பிறகு காலால் தள்ளிக் கட்டையைச் சரியாக வைத்து, ரெண்டு தட்டுத் தட்டினான்.

மாதையன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"என்னாச்சு மாரி? கை பத்திரமாப்பா?"

"பத்திரம்ணே."

"அவசரமே இல்ல. நல்லாப் பாத்துட்டு வெய்யி."

வண்டி உறுமி மேலே ஏறியது. கோவிந்தம்மாள் ஓரமாக ஒதுங்கி நின்று, அது வளைவைத் தாண்டுகிற வரைக்கும் பார்த்துவிட்டு, இருட்டில் பாறையைத் தடவிக்கொண்டே ஏறினாள்.